கேட் கம்பத்தில் குடியிருந்த எர்த்

இந்த எட்டு போர்ட் பி.ஓ.இ. ஸ்விட்ச்சை ஆறு வாரமாகத் திட்டித் தீர்த்தேன். அதில் பாதியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

பிராண்ட் பெயர் வேண்டாம். லேன் கேபிளிலேயே நெட்டும் கரண்டும் போகும். 2009-இல் வந்த பி.ஓ.இ. பிளஸ் தரப்படி போர்ட்டுக்கு 30 வாட். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைச் செய்கிறது. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டில் மூன்று கேமராக்கள் ஒழுங்காக ஓடின. கேட் கம்பத்தில் மாட்டிய நான்காவது மட்டும், தண்ணி மோட்டார் போட்டால் செத்துப் பிழைக்கும்.

போர்ட்டை மாற்றினேன். கேபிள் நுனியை மறுபடி கிரிம்ப் செய்தேன். கேமராவைக் கழற்றி மேஜையில் வைத்து, ஒரு முழக் கேபிளில் சொருகினேன். நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடியது. கம்பத்தில் ஏற்றினால் பழைய கதை. உதவி எண்ணில், "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணிப் பாருங்க சார்" என்றார்கள்.

விடை அம்மாவிடம் இருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, ஈரக் காலோடு கேட்டைப் பிடித்து எழுந்தவர், "கேட்டு சுர்ருங்குதுடா" என்றார்.

மல்டிமீட்டரை எடுத்தேன். கேட் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பிளக் பாயின்ட்டில் வைத்தால், லைன்–நியூட்ரல் 232 வோல்ட், லைன்–எர்த் 117. சரிபாதி! அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் அறுந்தால் எல்லா இரும்புப் பெட்டியும் பாதி வோல்டேஜில் அந்தரத்தில் தொங்கும். கேட் கேபிளைத் திரும்பச் சொருகினேன். 117, 200-ஐத் தாண்டியது. புரிந்துவிட்டது. வீட்டுக்கே எர்த் இப்போது அந்தக் கேட் கம்பம்தான்.

பி.ஓ.இ. கேமராவில் கரண்ட் வரும் ஜோடிகளும் உடம்பும் தனித்தனியாக இருக்க வேண்டும். சோதனையில் 1500 வோல்ட் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த வழியில் கசிவில்லை. நான் காசு கூடக் கொடுத்து, பெருமையாக இழுத்த ஷீல்டு கேபிள்தான் ஸ்விட்ச்சையும் கம்பத்தையும் கைகோக்க வைத்திருந்தது. பழைய மோட்டாரின் கசிவெல்லாம் அதன் வழியே மண்ணைத் தேடிப் போயிற்று.

எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் குழியைத் தோண்டினார். கரியோடு போட்ட உப்பே இணைப்பைத் தின்று தீர்த்திருந்தது. குழியைப் புதுப்பித்தோம். கேமரா பக்கம் பிளாஸ்டிக் ஆர்ஜே-45 போட்டு, ஷீல்டை ஸ்விட்ச் பக்கம் மட்டும் விட்டேன். இப்போது மோட்டார் ஓடினாலும் கேமரா கண் சிமிட்டுவதில்லை.

மீதித் திட்டு எதற்கு? ஸ்விட்ச்சின் முதுகில் எர்த் திருகு ஒன்று உண்டு, மிளகு அளவில். வீட்டுக்கு உதவாத ரேக் காதுகளைப் பெட்டியில் போட்டவர்கள், அதில் மாட்ட ஒரு முழம் பச்சை ஒயர் போடவில்லை. கையேட்டிலும் ஒரு குறி. ஒரு வரி விளக்கம் இல்லை. வாங்கலாம், ஒயரையும் சேர்த்து வாங்குங்கள்.

மலைமேல் வேதகிரீஸ்வரரை இந்திரன் இடியாய் வந்து பூஜிப்பதாக எங்கள் ஊர் ஐதீகம். ஐப்பசி வருவதற்குள் கேட் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சர்ஜ் அரெஸ்டர் மாட்ட வேண்டும். அதுவும் முதலில் கேட்பது எர்த் ஒயரைத்தான்.