இரண்டாவது ரிமோட்

என் அலமாரியில் மூன்று பழைய வீடியோ கேம் பெட்டிகளும் நாற்பத்தொரு கேசட்டுகளும் இருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய சாமான் கடைகளிலும் பத்து வருடமாகத் தேடிச் சேர்த்தவை. வீட்டுக்கு வரும் ஆண் நண்பர்கள் இவற்றைப் பார்த்ததும் "நம்ம சின்ன வயசு!" என்று துள்ளுகிறார்கள். அந்த 'நம்ம'வுக்குள் நான் இருந்தேனா என்ற சந்தேகம்தான் என்னை இந்தக் கேசட்டுகளைத் திரும்ப வாசிக்க வைத்தது. ஒரு நாவலை வாசிப்பதுபோல இவற்றையும் வாசிக்கலாம். யார் நாயகன், யார் காத்திருக்கிறாள், யாருக்கு வசனமே இல்லை என்று கேட்கலாம்.

திருத்தணிக்குப் பக்கத்தில் உள்ள அம்மையார்குப்பம் எங்கள் ஊர். தறி ஊர். விசைத்தறிச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். 1997இல் அண்ணன் அடம்பிடித்து அப்பாவை திருத்தணிக்கு அழைத்துப்போய் ஒரு டிவி கேம் வாங்கி வந்தான். நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் மலிவு நகல் அது. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே நாலைந்து ஆட்டங்களே வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

பெட்டியோடு இரண்டு ரிமோட் வந்தன. முதல் ரிமோட்டில் 'ஸ்டார்ட்', 'செலக்ட்' என்று நடுவில் இரண்டு பட்டன்கள். இரண்டாவதில் அவை இல்லை. மட்டமான நகல் என்பதால் அப்படி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஜப்பானில் வந்த மூலப் பெட்டியிலேயே இரண்டாவது ரிமோட் அப்படித்தான். ஆட்டத்தைத் தொடங்கவும், எந்த ஆட்டம் என்று தேர்ந்தெடுக்கவும், நடுவில் நிறுத்தவும் முதல் ரிமோட்டால் மட்டுமே முடியும். எங்கள் வீட்டில் அது அண்ணன் கையில் இருந்தது. இரண்டாவது ரிமோட்டைத் தங்கைக்குக் கொடு என்று எந்த நிறுவனமும் சொல்லவில்லை. சொல்லாமலே ஊரெங்கும் அப்படித்தான் நடந்தது.

1985இல் வந்த சூப்பர் மாரியோவில் இரண்டு பேர் ஆடலாம், ஆனால் சேர்ந்து ஆட முடியாது. மாரியோ செத்தால்தான் லூயிஜிக்கு முறை வரும். லூயிஜிக்கு என்று தனி உருவமும் கிடையாது. மாரியோவுக்கே வேறு நிறம் பூசியிருப்பார்கள். அண்ணன் நன்றாக ஆடுவான், சீக்கிரம் சாகமாட்டான். அவன் சாவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் நான் தார் சுற்றினேன். ஊடைக்கு நூலைத் தாரில் ஏற்றுவது வீட்டுப் பெண்களின் வேலை, அதற்குத் தனிக் கூலி கிடையாது. "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, நாலு தார் போடு" என்பாள் அம்மா. என் முறை வரும்போது பல நாள் கரண்ட் போயிருக்கும்.

திரைக்குள்ளும் ஒருத்தி காத்திருந்தாள். எட்டு உலகங்கள் கடந்தால்தான் இளவரசி கிடைப்பாள். அதுவரை ஒவ்வொரு கோட்டையின் முடிவிலும் அவள் இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்ற செய்திதான் வரும். அடைபட்டிருந்த காலத்தில் அவள் என்ன செய்தாள், தப்பிக்க முயன்றாளா என்று ஆட்டம் ஓரிடத்திலும் கேட்பதில்லை. அவள் ஒரு பாத்திரமாக இல்லை, பரிசாக இருக்கிறாள்.

பெண் பரிசாக இல்லாத ஆட்டங்களும் என் சேகரிப்பில் உண்டு. அவற்றிலும் சிக்கல் இருக்கிறது. 1982இல் வந்த மிஸ் பேக்மேனில் நாயகி ஒரு மஞ்சள் வட்டம். ஆண் வட்டத்துக்கு எதுவும் தேவைப்படவில்லை. பெண் வட்டத்துக்கு ரிப்பன், உதட்டுச்சாயம், ஒரு மச்சம். வட்டம் என்றாலே ஆண். அதன்மேல் அலங்காரம் சேர்த்தால் பெண்.

1986இல் வந்த மெட்ராய்டு இன்னும் நுட்பமானது. கவச உடைக்குள் இருந்து வேற்றுக்கிரக ஜந்துக்களோடு போரிடுவது சாமஸ் என்ற பெண் என்பது முடிவில்தான் தெரியும். அதைப் பெண்ணிய வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஆனால் எவ்வளவு வேகமாக ஆட்டத்தை முடிக்கிறோமோ அவ்வளவு உடை குறைந்து அவள் தோன்றுவாள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் நீச்சலுடை. அவ்வளவு நேரம் நாமாகவே இருந்தவள் கடைசி நொடியில் நமக்குக் காட்டப்படும் பொருளாகிறாள். ஆடுகிறவன் ஆண்தான் என்று உறுதியாக நம்பியவர்கள் எழுதிய முடிவு அது.

மாரியோவின் இளவரசிக்கும் ஒருநாள் தனி ஆட்டம் கிடைத்தது. 2005இல் வந்த அந்த ஆட்டத்தில் அவளுடைய ஆயுதங்கள் உணர்ச்சிகள்: மகிழ்ச்சி, அழுகை, கோபம், அமைதி. மாரியோ குதிப்பான், இவள் அழுவாள்.

இதையெல்லாம் முறையாகத் தொகுத்து, 2013 முதல் காணொளித் தொடராக வெளியிட்டவர் அனிதா சர்க்கீசியன். அதற்கு அவர் 2012இல் நிதி திரட்டத் தொடங்கியதுமே கொலை, பாலியல் வன்முறை மிரட்டல்கள் வந்தன. அவர் முகத்தில் அடிப்பதையே ஒரு கணினி விளையாட்டாகச் செய்து பரப்பினார்கள். விமர்சனத்துக்கு வந்த பதிலே விமர்சனத்தை மெய்ப்பித்தது.

அப்படியானால் இவற்றை ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒரு மாணவி கேட்டாள். ரிவர் ரெய்டு கேசட்டை எடுத்துக் காட்டினேன். 1982இல் அட்டாரி பெட்டிக்காக வந்தது. ஆற்றின் மேல் விமானம் பறக்கும், சுடும், எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். திரையில் பெண்ணே கிடையாது. ஆனால் அதை உருவாக்கியவர் கேரல் ஷா என்ற பெண். கேசட்டில் இருந்த இடம் 4 கிலோபைட் மட்டுமே. முழு ஆற்றையும் அதில் வரைந்து வைக்க முடியாது. ஆகவே ஒரு கணக்கை எழுதி, ஆற்றை அந்தக் கணக்கிலிருந்தே பிறக்க வைத்தார். எத்தனை முறை ஆடினாலும் அதே வளைவுகள் அதே இடத்தில் வரும். சிறிய பாவுக்குள் நீளமான கரையை நெய்கிற வேலை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. திரையில் பெண் உருவத்தை மட்டும் தேடினால் இந்தப் பெண்ணைத் தவறவிட்டிருப்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வாத்து சுடும் ஆட்டத்தில் துப்பாக்கியை அண்ணன் எடுத்துக்கொள்வான். அப்போது முதல் ரிமோட் தரையில் கிடக்கும். ஒரு வாத்து மட்டும் பறக்கும் ஆட்டத்தில் அந்த ரிமோட்டால் வாத்தைத் திருப்ப முடியும். ஒருநாள் தற்செயலாக இதைக் கண்டுபிடித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் சுடச் சுட வாத்து தப்பித்துக்கொண்டே இருந்தது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று அவன் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தான். என் சிறுவயதில் நான் முழுதாக ஆடிய ஆட்டம் அது ஒன்றுதான்.

ஆனாலும் திரைக்குள் இருக்கும் இளவரசியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, வீட்டுக்குள் யாருக்கு ஓய்வு நேரம் கிடைத்தது என்பதை விட்டுவிட்டால் விமர்சனம் பாதியில் நிற்கும். நான் ஆடிய கொஞ்ச நேரத்திலும் என் பங்குத் தாரை அம்மாதான் சேர்த்துச் சுற்றினாள். அந்தப் பெட்டியை அவள் துடைத்து வைத்திருக்கிறாள், ஒருநாளும் ரிமோட்டைத் தொட்டதில்லை. அவளிடம் "ஆடுறியா?" என்று நானும் கேட்கவில்லை. எனக்குக் கீழே மூன்றாவதாக ஒரு ரிமோட் இல்லாததும் எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் அண்ணன் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதல் ரிமோட்டைப் பெரியவளிடம் கொடுத்தேன். "அத்தை, இன்னொண்ணுல ஏன் நடு பட்டனே இல்ல?" என்று கேட்டாள். உட்கார வைத்து எல்லாம் விளக்கினேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் பால் இல்லை என்று தெரிந்தது. கடைக்குப் போய்வரச் சொல்லி நான் கூப்பிட்டது அவளைத்தான். அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்தாள். அப்போதுதான் நான் கூப்பிட்ட பெயர் என் காதில் விழுந்தது.