ஸ்பார்க்ஸ் சகோதரர்களும் ஸஹர் பாவாமாரும்

எட்கர் ரைட் இயக்கிய 'த ஸ்பார்க்ஸ் பிரதர்ஸ்' (2021) என்ற ஆவணப்படத்தை, மழை விடாத ஒரு விடுமுறை நாளில் ஹற்றனில் வீட்டிலிருந்து பார்த்தேன். பொப் இசை எனக்குப் பழக்கமில்லாத துறை. "தமிழ் படிப்பிக்கிறவருக்கு இதில என்ன வேலை?" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

ரொன் மேல், ரஸல் மேல் இருவரும் லொஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த உடன்பிறப்புகள். நானா பாட்டெழுதி கீபோட் வாசிப்பார், தம்பி பாடுவார். 1971 இல் முதல் இசைத்தட்டு. 1974 இல் பிரித்தானியாவில் பெரும் வெற்றி. 1979 இல் ஜோர்ஜியோ மொரோடருடன் சேர்ந்து மின்னிசைக்கு மாறினார்கள். சொந்த நாட்டில் பலருக்கு அவர்களைத் தெரியாது; தெரிந்த கொஞ்சப் பேரோ அவர்களை விடவே மாட்டார்கள்.

படத்தின் உயிர் வெற்றிகளில் இல்லை. 1988 க்கும் 1994 க்கும் இடையில் அவர்களுடைய புதிய பாட்டுகளைக் கொண்ட முழு இசைத்தொகுப்பு ஒன்றுமே வரவில்லை. ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையைத் திரைப்படமாக்க இசையமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் கைகூடவில்லை. கேட்பார் இல்லாத காலத்திலும் இருவரும் நாள்தோறும் வேலைக்கு உட்கார்ந்தார்கள் என்பதை ரைட் அலங்காரமில்லாமல் சொல்கிறார்.

குறையும் உண்டு. இயக்குநரே தன்னை ரசிகன் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் புகழுரை கேட்டால் யாருக்கும் சலிக்கும். ஏன் இந்தப் பாட்டுகள் பலரைச் சென்றடையவில்லை என்று கறாராகக் கேட்க ஒருவரும் இல்லை. ரசிகன் சாட்சி சொல்லலாம். தீர்ப்பையும் அவனே எழுதினால் விமர்சனம் வராது.

ஆனாலும் இப்படியொரு படம் சாத்தியமானதே, எல்லாம் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான். இசைத்தட்டுகள், தொலைக்காட்சித் துண்டுகள், புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. தோல்விக்குக்கூட ஆண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் மலையகத்திலும் ஓர் இணை இருந்தது. 1930களில் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் நடத்தினார் கோ. நடேசய்யர். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். பாட்டுகள் அச்சில் வந்தன. அந்தக் குரலை நானோ என் மாணவர்களோ கேட்டதில்லை.

நம் சமூகத்துக்கு வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது றமழான் இரவுகளில் இரண்டு பாவாமார் றபான் அடித்துப் பாடிக்கொண்டு ஸஹருக்கு எழுப்ப வருவார்கள். ஒருவர் அடியெடுக்க, மற்றவர் ஏந்திப் பாடுவார். குளிரில் போர்வைக்குள் கிடந்தபடியே கேட்போம். அதை இலக்கியம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்தபோது எனக்கும் தோன்றவில்லை.

ஒருவர் மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. படம் பார்த்த மறுவாரம் மற்றவரைத் தேடிப் போய்க் கைத்தொலைபேசியை முன்னால் வைத்தேன். சந்தோஷமாகப் பாடினார். ஒவ்வொரு பாட்டிலும் பாதியில் நிறுத்தினார். மிச்சத்தைக் கேட்டேன்.

"அது அவர்ர பங்கு மகன். எனக்கு வராது."

என்னிடம் இப்போது இருப்பது பாதிப் பாட்டுகள்தான். பாடியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் இன்னும் இருவருமே இருந்தால், அடுத்த நோன்பு வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள்.