பென்சில் உடைவதற்கு முன்

பின்னக் கணக்கு தொடங்கியதும் ஒரு பையன் பென்சிலை உடைக்கிறான், பக்கத்தில் இருப்பவனின் நோட்டைத் தட்டிவிடுகிறான். ஆசிரியர் அதட்ட, அவன் பதிலுக்குக் கத்த, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். மறுநாளும் அதே நேரம், அதே பாடம், அதே கூத்து. நாமாக இருந்தால் ‘திமிர்’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்போம். அமெரிக்கப் பள்ளிப் பணியாளர்களுக்குத் தரப்படும் ‘நேர்மறை நடத்தை ஆதரவு’ப் பயிற்சியோ இந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்கிறது: கத்தியதால் அவனுக்கு என்ன கிடைத்தது? பின்னத்திலிருந்து விடுதலை. அதை நாள்தோறும் வழங்கியவர் ஆசிரியரேதான்.

இந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்தது இந்தக் கேள்விதான். நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று மணி, இடம், பாடம் உட்படக் குறித்துவைக்கச் சொல்கிறார்கள். ஒரு வாரம் எழுதினால், ‘எப்போது பார்த்தாலும் ரகளை’ என்று சொல்லப்பட்ட பையன் பதினொரு மணிக்கு மட்டும் ரகளை செய்பவனாகச் சுருங்கிவிடுவான். அப்போது திருத்த வேண்டியது அவனையா, பதினொரு மணியையா என்று யோசிக்க முடிகிறது.

இதன் வேர் பள்ளிக்கூடத்தில் இல்லை. கடும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை வலி கொடுத்து அடக்கும் ‘சிகிச்சை’களுக்கு எதிராக 1980-களில் எழுந்த மாற்று இது. ராப் ஹார்னர், ஜார்ஜ் சுகாய் போன்றோர் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் இதை முழுப் பள்ளிக்குமான அமைப்பாக விரித்தார்கள். மாற்றுத்திறன் மாணவர்களின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டத்தில் 1997-இல் செய்த திருத்தம் இதற்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. இன்று 25,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான பழக்கங்களைப் பாடம்போலவே கற்பித்தால் சுமார் 80 சதவீதத்தினருக்கு அதுவே போதும். 15 சதவீதத்தினருக்குக் கூடுதல் கவனம். மீதி 5 சதவீதத்தினருக்குத் தனித்திட்டம் என்பது அதன் கணக்கு.

பலன் உண்டா? மேரிலாந்தில் 37 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐந்தாண்டு பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பள்ளிகளில் அலுவலகத்துக்கு அனுப்பும் சீட்டுகளும் இடைநீக்கங்களும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் சீட்டை எழுதுவது ஆசிரியரின் கை. எழுதாமல் சமாளி என்று பழக்கப்பட்ட கை குறைவாகத்தான் எழுதும். குழந்தை மாறியதா, கை மாறியதா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. கை மாறியதே பாதி வெற்றி என்பவரோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அடுத்தது, இதே பணியாளர்களுக்குத் தரப்படும், கொதிநிலையைத் தணிக்கும் பயிற்சி. நடத்தை ஆய்வாளர் ஜெஃப் கால்வின் ஒரு குழந்தையின் சீற்றத்தை ஏழு கட்டங்களாகப் பிரித்தார்: அமைதி, தூண்டல், படபடப்பு, முடுக்கம், உச்சம், தணிவு, மீட்சி. படபடப்பில் இருப்பவனிடம் குரலைத் தாழ்த்திப் பேசு, எட்டி நில், முகத்துக்கு நேரே நிற்காதே, சொற்களைக் குறை, ஒன்றுக்கு இரண்டு வழி காட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திரு. உச்சத்தில் எந்தச் சொல்லும் உள்ளே போகாது. மற்றப் பிள்ளைகளைப் பாதுகாப்பாக வெளியேற்றுவதுதான் அப்போதைய வேலை. நாம் பெரும்பாலும் கோட்டைவிடுவது தணிவில். பையன் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் ‘ஏன்டா இப்படிப் பண்ணினே?’ என்று விசாரணையைத் தொடங்கி, அவனை மறுபடி ஏணியின் உச்சியில் ஏற்றிவிடுகிறோம்.

கவனித்தால், இந்த அறிவுரை ஒவ்வொன்றும் பெரியவரின் உடம்புக்கானது: அவர் குரல், அவர் கால், அவர் பொறுமை. வருத்தம் என்னவென்றால், உடம்புக்கான பாடம் ஒன்றிரண்டு நாளில் படியாது. நீச்சலைக் கரும்பலகையில் கற்பிக்க முடியுமா? பல இடங்களில் இது ஒரு நாள் அல்லது இரண்டு நாள் வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ். சுகாதாரப் பணியாளர்களுக்கான இத்தகைய பயிற்சிகள் பற்றி 2020-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, ஒன்பது ஆய்வுகளை அலசி, அறிவு சிறிது காலம் கூடலாம், ஆனால் வன்முறை குறைந்ததற்குப் போதிய சான்று இல்லை என்றது. மருத்துவமனையை அப்படியே பள்ளியாகக் கொள்ள முடியாது. ஆனாலும் இரண்டு நாள் சான்றிதழை நம்பி உட்காருவதற்கு இடமில்லை. மேலும், மிகுந்த தவிப்பில் உள்ள குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர் மணிக்கூலி உதவியாளர். காலையில் முதலில் பார்ப்பவர் பேருந்து ஓட்டுநர். பயிற்சிப் பட்டியலில் கடைசியாக நினைவுக்கு வருபவர்கள் இவர்கள்தான்.

இதைவிடப் பெரிய குறை, தணிக்கும் கலையையும் பிடித்து அடக்கும் கலையையும் ஒரே பொட்டலத்தில் தருவது. ‘கடைசி வழியாக மட்டும்’ என்று சொல்லித்தான் பிடிகளைக் கற்பிக்கிறார்கள். களைத்த மனிதருக்குக் கடைசி வழி சீக்கிரமே வந்துவிடுகிறது. 2017-18 கல்வியாண்டில் ஏறத்தாழ 1,02,000 மாணவர்கள் பிடித்து அடக்கப்பட்டதாகவோ தனியறையில் அடைக்கப்பட்டதாகவோ அமெரிக்கக் கல்வித் துறையின் கணக்கு காட்டியது. கைகளால் பிடிக்கப்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் மாற்றுத்திறன் மாணவர்கள். மொத்த மாணவர்களில் அவர்கள் 13 சதவீதம்தான். இல்லினாய் மாநிலத்தில், பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே தனியறை என்று விதி இருந்தது. 15 மாதங்களில் 20,000 தடவைக்கு மேல் குழந்தைகள் அடைக்கப்பட்டதை 2019-இல் சிகாகோ ட்ரிப்யூனும் ப்ரோபப்ளிகாவும் வெளிக்கொண்டுவந்தன. பாலைக் கொட்டியதும் பாடம் செய்ய மறுத்ததும்கூடக் காரணங்களாகப் பதிவாகியிருந்தன. அந்த நவம்பரிலேயே மாநிலம் இதற்கு எதிராக அவசர விதி போட்டது.

இந்தத் திட்டத்தில் நல்ல நடத்தைக்குப் பரிசாகத் தரும் ஸ்டிக்கர், டோக்கன் பற்றிய பழைய வழக்கு ஒன்றும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில், விரும்பி வரைந்த குழந்தைகளுக்கு முன்கூட்டியே பரிசு பேசி வரையச் சொன்னார்கள். பிறகு தானாக வரையும் ஆர்வம் அவர்களிடம் குறைந்ததாக 1973-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ‘பின்னக் கணக்கை யார் ஏற்கெனவே விரும்பினார்கள்?’ என்று ஆதரவாளர்கள் திருப்பிக் கேட்பதிலும் நியாயம் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. பெரியவரை மாற்றப் புறப்பட்ட திட்டம், சுவரில் ஒட்டும் மதிப்பெண் அட்டையில் குழந்தையின் பெயரை மட்டுமே எழுதுகிறது. அசையாமல் உட்காருவதும் கண்ணைப் பார்த்துப் பேசுவதும் அங்கே நல்ல நடத்தை என்றால், ஆட்டிசம் உள்ள பிள்ளை தன் இயல்புக்கே புள்ளி இழக்கும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாடு 2003-இல் விதியைத் திருத்திப் பிரம்பைத் தடுத்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. வாங்கிக்கொண்ட பிரம்புக்கு ஈடாக ஆசிரியரிடம் எதைக் கொடுத்தோம் என்று யாராவது கேட்டால், சுற்றறிக்கைகளைத்தான் முதலில் காட்டுவோம். இந்த அமெரிக்கச் சரக்கு இங்கே இறங்கினால் முதலில் வருவது ஸ்டிக்கராகத்தான் இருக்கும், விலை மலிவு. குறிப்பேடும், கூடவே நின்று திருத்தும் மூத்த ஆசிரியரும் கடைசியில்.

அந்தப் பையனுக்கு நாளை பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று கொடுக்கலாம். முதல் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே போடலாம். முடியவில்லை என்றால் கத்தாமல் கேட்டு வாங்க, ஐந்து நிமிட ஓய்வுச் சீட்டு ஒன்றை அவன் மேசையில் வைக்கலாம். அந்த ஐந்து நிமிடம் நாற்பது பேர் வகுப்பில் மீதி முப்பத்தொன்பது பேரோடு யார் இருப்பது?