நகலாகப் பிறந்த நாதங்கள்

1937-ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் தேவாலயத்தில் காதுகளுக்கு ஒரு பரீட்சை நடந்தது. ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான குழல்கள் கொண்ட, 75,000 டாலர் மதிப்புள்ள பைப் ஆர்கன். மறுபக்கம், மின்சாரக் கடிகாரங்கள் செய்துவந்த லாரன்ஸ் ஹாமண்ட் இரண்டு ஆண்டுகளுக்கு முன் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் ஆர்கன். ஒலிப்பது எது என்று கேட்பவர்கள் சொல்ல வேண்டும். தேர்ந்த இசைக்கலைஞர்களே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை தவறாகச் சொன்னார்கள். ஆனாலும் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க வணிக ஆணையம் மசியவில்லை. பைப் ஆர்கனின் ஒலி வண்ணங்கள் அத்தனையையும் இது தரும் என்று இனி விளம்பரம் செய்யக்கூடாது என 1938-ல் உத்தரவிட்டது.

ஆணையம் சொன்னது சரிதான். ஹாமண்டால் பைப் ஆர்கனாக முடியவில்லை. அப்படி ஆகமுடியாமல் போனதால்தான் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக இசைக்கலைஞர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பழைய ஆர்கன்கள், அனலாக் சிந்தசைசர்கள் மீதான இந்தப் பற்றைப் பலரும் கடந்தகால ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1970களில் பிறந்தே இராத இருபது வயதுப் பிள்ளைகள் இவற்றைத் தேடி அலைவதற்கு அந்த விளக்கம் போதாது. இந்தக் கருவிகளின் கதையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எதையோ போலச் செய்யப் பிறந்து, அதில் தோற்று, அந்தத் தோல்வியில் சொந்தக் குரலைக் கண்டெடுத்தவை இவை.

ஹாமண்டின் புகழ்பெற்ற பி-3 மாடலின் உள்ளே 91 உலோகச் சக்கரங்கள் உண்டு. விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய சக்கரம் ஒரு காந்தத்தின் அருகே சுழல, அங்கே சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் மெல்லிய மின் அலை பிறக்கும். ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுருதி. மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஒட்டி ஓடும் மோட்டார் என்பதால் சுருதி கலையாது. கடிகாரக்காரரின் மூளை அது. மேலே ஒன்பது இழுப்புக் கம்பிகள். ஒவ்வொன்றையும் எட்டுப் படி வரை இழுக்கலாம். அடிப்படை ஒலியோடு அதன் மேல்சுரங்களை எந்த அளவில் சேர்ப்பது என்பதை வாசிப்பவரின் விரல் தீர்மானிக்கும். சமைக்கிறவர் உப்பையும் புளியையும் கைப்பக்குவத்தில் போடுவது மாதிரி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியின் ருசியை மாற்றிக்கொண்டே போகலாம்.

இதில் ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒன்பது மின்தொடர்புகள். விரல் அழுத்தும்போது ஒன்பதும் ஒரே கணத்தில் சேர்வதில்லை. அதனால் ஒவ்வொரு சுரத்தின் தலைப்பிலும் சின்னதாக ஒரு 'டிக்'. பொறியாளர்கள் இதைக் குறை என்று நினைத்து ஒழிக்கப் பார்த்தார்கள். 1956-ல் புளூ நோட் நிறுவனத்துக்காக இசைத்தட்டுகள் பதியத் தொடங்கிய ஜிம்மி ஸ்மித்தைப் போன்ற ஜாஸ் கலைஞர்களுக்கோ அந்த 'டிக்'தான் தாளத்தின் கூர்முனை. வேகமான பிடிகளில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே தெறிப்பது அதனால்தான். கருப்பின மக்களின் தேவாலயங்களில் பிரசங்கத்துக்கு ஈடுகொடுத்து இந்த ஆர்கன் விம்முவதைக் கேட்டவர்கள் அதை எதற்கும் நகல் என்று நினைக்கமாட்டார்கள்.

டான் லெஸ்லி என்பவரின் கதை இன்னும் அழகு. கடையில் கேட்டு மயங்கி ஹாமண்ட் வாங்கியவர். வீட்டுக்குள் அது ஒலித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒலியைக் காற்றில் அலையவிட, சுழலும் கொம்பும் சுழலும் உருளையும் கொண்ட ஒலிபெருக்கிப் பெட்டியைத் தானே செய்தார். கடந்து போகும் ரயிலின் ஊதல் சுருதி மாறிக் கேட்கிறதே, அதே விதிதான் அந்தப் பெட்டிக்குள்ளும் வேலை செய்கிறது. ஹாமண்ட் நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆனால் இன்று லெஸ்லி இல்லாத ஹாமண்டை நினைத்துப் பார்ப்பதே கடினம். பின்னாளில் டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட், கிட்டார்க்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் ஹாமண்டை இணைத்து அதைக் கர்ஜிக்க வைத்தார்.

ஹாமண்ட் கூட்டல் என்றால் ராபர்ட் மூக் செய்தது கழித்தல். 1964-ல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து அவர் உருவாக்கத் தொடங்கிய சிந்தசைசரில், மேல்சுரங்கள் செறிந்த முரட்டு அலையொன்றை ஆசிலேட்டர் எழுப்பும். ஃபில்டர் அதிலிருந்து வேண்டாததை வடித்துவிடும். 1968-ல் வெண்டி கார்லோஸ் இசைமேதை பாக்கின் படைப்புகளை இதில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1970-ல் மேடைக்குத் தூக்கிப் போகத்தக்க மினிமூக் வந்தது. மூன்று ஆசிலேட்டர்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம். இதிலும் தவறு புகுந்து வாழ்ந்தது. ஃபில்டருக்குள் போகும் ஒலியின் அளவைக் கணக்கிட்டதில் பிழை நேர்ந்து, உத்தேசித்ததைவிடப் பலமாக ஒலி உள்ளே பாய்ந்தது. இன்று கலைஞர்கள் 'கொழுத்த ஒலி' என்று கொண்டாடுவதில் அந்தப் பிழைக்கும் பங்குண்டு. மூன்று ஆசிலேட்டர்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. சூடேறச் சூடேறச் சுருதி நகரும். கச்சேரிக்கு நெடுநேரம் முன்பே கருவியைப் போட்டுவைத்து அது நிலைகொள்ளக் காத்திருப்பார்கள்.

தம்புராவில் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, அது தந்தியை உரசும் இடத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்திச் சரிபார்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நூலுக்கு நம்மவர்கள் இட்ட பெயர் ஜீவா. சுத்தமாக அதிரும் தந்தியில் வேண்டுமென்றே ஓர் உரசலை உண்டாக்கி, அதை உயிர் என்று அழைத்த காதுக்கு, மினிமூக்கின் மூன்று ஆசிலேட்டர்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்வது ஏன் பிடிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

மினிமூக்கின் இடப்பக்கத்தில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் வைத்தார்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தனி. கட்டைக்குக் கட்டை தாவுமே தவிர வழுகாது என்ற குற்றச்சாட்டினால்தானே ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்தது? வழுகத் தெரிந்த கட்டைக் கருவி வந்துவிட்டது. மும்பைத் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அவர் கையில் இருந்தவை ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-8, டிஆர்-808, டிபி-303. சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து போகும் 303-இன் வசதி ராகத்தின் வளைவுகளுக்குத் தோதாக அமைந்தது. அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோதுதான், சிகாகோவில் 1987-ல் ஃபியூச்சர் குழு வெளியிட்ட ஆசிட் என்னும் நடன இசைக்கு ஐந்து ஆண்டு முன்பே இப்படி ஒன்று மும்பையில் நடந்திருக்கிறது என்று உலகம் வியந்தது. அதற்கும் முன்பே, 1969-ல், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். அங்கே இந்திய இசைக்கலைஞர்கள் பதிந்த ஒலிநாடாக்கள் பெட்டிகளில் தூங்கிக்கிடந்தன. 2023-ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. நம் இசை வரலாற்றில் இவை இன்னும் உரிய இடம் பெறவில்லை என்பது எனக்கு ஆற்றாமை.

அந்த 303, பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு மாற்றாக 1981-ல் செய்யப்பட்டது. அந்த வேலையில் படுதோல்வி. மூன்றே ஆண்டில் உற்பத்தி நின்றது. 808 டிரம்ஸ்காரருக்கு மாற்று. அதுவும் நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை. அதன் தனித்த சிலிர்ப்பொலிக்காக, தரச்சோதனையில் கழித்துவிடப்பட்ட டிரான்சிஸ்டர்களையே ரோலண்ட் வாங்கிப் போட்டது. டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட்டுப் பழுதானவை கிடைக்காமல் போகவே கருவியும் நின்றது.

1983-ல் யமஹாவின் டிஎக்ஸ்-7 சிந்தசைசர் வந்தது. முழுக்க டிஜிட்டல். சுருதி அசையாது, பதினாறு சுரம் ஒன்றாக ஒலிக்கும், 32 ஒலிகளை நினைவில் வைத்திருக்கும். ஆனால் திருக ஒரு குமிழ் கிடையாது. தட்டையான பொத்தான்களை அமுக்கி, சின்னத் திரையில் எண்களை மாற்ற வேண்டும். பெரும்பாலோர் மாற்றவில்லை, ஆலையில் ஏற்றி அனுப்பிய ஒலிகளையே வாசித்தார்கள். அந்தப் பத்தாண்டின் காதல் பாடல்கள் பலவற்றில் ஒரே மின்பியானோ கேட்பது இதனால்தான்.

ஊரெல்லாம் புதுசுக்கு மாறியபோது பழசு அடிமாட்டு விலைக்குப் போனது. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய பொருள் கடைகளில் 303-ஐயும் 808-ஐயும் பொறுக்கினார்கள். அவர்களுக்கு அது எதற்காகச் செய்யப்பட்டது என்ற கவலை இல்லை. குமிழ்களைத் திருகி, 303-ஐ எந்த பேஸ் கிட்டாரும் அலறாத விதத்தில் அலற வைத்தார்கள். இந்தப் பற்றின் வரலாற்றில் முதல் மரியாதை அவர்களுக்குத்தான் சேர வேண்டும். நடன இசை வளர வளர அதே கருவிகளின் விலை சாதாரணக் கலைஞர் எட்டமுடியாத உயரத்துக்குப் போனது.

பிறகு மறுபதிப்புகளின் காலம். கார்க் நிறுவனம் 2013-ல் தன் பழைய எம்எஸ்-20 சிந்தசைசரைச் சிறிய உருவில் கொண்டுவந்தது. 2016-ல் மினிமூக்கும் திரும்ப வந்தது. ஹாமண்டையும் மினிமூக்கையும் கணினிக்குள் வைத்துத் தரும் மென்பொருள்கள் ஏராளம். பைப் ஆர்கனின் நகலுக்கு இன்று நகல். பதிவான பாட்டில் வைத்துக் கேட்டால் மென்பொருளையும் அசலையும் பிரித்தறிவது அரிது. சிகாகோ பரீட்சையை இன்று நடத்தினாலும் கலைஞர்கள் தோற்பார்கள். 1978-ல் டேவ் ஸ்மித் செய்த புராஃபெட்-5 சிந்தசைசரை அவரே 2020-ல் மறுபடி செய்தபோது, முன்பக்கத்தில் 'விண்டேஜ்' என்று ஒரு குமிழ் வைத்தார். அதைத் திருகத் திருகக் குரல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது குறையும்.

அப்படியானால் பழைய கருவியிடம் என்ன மிச்சம்? கைக்கு அது கொடுக்கும் வேலை என்று சொல்வேன். மினிமூக்குக்கு நினைவே கிடையாது. நேற்று கிடைத்த ஒலியை இன்று கண்டடைய ஒவ்வொரு குமிழாகத் திருகியாக வேண்டும். தேடும் வழியில் வேறொன்று அகப்படும். பி-3-க்கோ இரண்டு சுவிட்சுகள். முதலாவதை எட்டு விநாடி பிடித்திருந்தால் துணை மோட்டார் சக்கரங்களைச் சுழற்றி வேகம் கூட்டும். அதை விடாமலே இரண்டாவதையும் போட்டு, இன்னும் நான்கு விநாடி காத்திருந்து கையை எடுக்க வேண்டும். உள்ளே எண்ணெய்க் கிண்ணங்களிலிருந்து ஒவ்வொரு அச்சுக்கும் பருத்தி நூல்கள் போகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஊற்றும் எண்ணெய், விளக்குத் திரியில் ஏறுவதுபோல அந்த நூல்களின் வழியே மெல்ல ஊறி 91 சக்கரங்களையும் சென்றடைகிறது.