காணாமல் போன சோதனைகள்

கம்பைலரைப் பழைய பதிப்பிலிருந்து புதுசுக்கு மாற்றும்போது எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "டெஸ்ட் ஓட்டினீங்களா, எத்தனை ஃபெயில்?" அந்தக் கேள்வியால் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஜிசிசி-யில் சி மொழிக்கான சோதனைகள் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டும். பழைய பதிப்பில் 40 தோற்றது, புதுசிலும் 40 என்று வைத்துக்கொள்வோம். பழைய பத்து சரியாகி, வேறு பத்து புதுசாக உடைந்திருந்தாலும் அதே 40 தானே வரும்?

ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். அதற்கான ஸ்கிரிப்டுகள் ஜிசிசி மூலநிரலிலேயே, கான்ட்ரிப் என்கிற ஃபோல்டரில் இருக்கின்றன. அவற்றை யாரும் விமர்சனம் செய்து நான் பார்த்ததில்லை. செய்யத் தகுந்தவை.

முதலில் சோதனை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் முடிவுக் கோப்பில் ஒரு வரி: பாஸ் அல்லது ஃபெயில், பிறகு கோப்பின் பெயர், பிறகு எந்த ஆப்ஷனில் ஓடியது என்ற விவரம். 'டார்ச்சர்' வகைச் சோதனைகளில் ஒரே நிரலை ஓ0, ஓ1, ஓ2, ஓ3, ஓஎஸ் என்று வரிசையாக ஓட்டுவார்கள். கோப்புகளில் பல 'பிஆர்' என்று ஆரம்பித்து ஒரு எண்ணோடு முடியும். அது என்றோ ஒருவர் புகார் செய்த பிழையின் எண். இந்த இடத்தில் ஒரு காலத்தில் ஒருத்தர் விழுந்தார் என்று சொல்கிற நடுகல் மாதிரி.

கம்பேர்_டெஸ்ட்ஸ் என்பது பழைய ஷெல் ஸ்கிரிப்ட். அழகே கிடையாது. இரண்டு முடிவுக் கோப்புகளைக் கொடுத்தால், முன்பு ஓடி இப்போது தோற்றவை, முன்பு தோற்று இப்போது ஓடுபவை, புதிதாக வந்தவை என்று பிரித்துத் தரும். எனக்குப் பிடித்த தலைப்பு இன்னொன்று: முன்பு தேறி இப்போது காணாமல் போனவை. அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் எழுதியவர் 'ஈஈக்!' என்று ஒரு அலறலையும் சேர்த்திருக்கிறார். தோற்றதற்கு அலறல் கிடையாது, காணாமல் போனதற்கு மட்டும்தான். இதை எழுதியவர் அனுபவஸ்தர் என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

(நான் அத்திப்பட்டு என்று சொன்னால் இன்னமும் "சிட்டிசன் படத்துல மேப்லேர்ந்தே காணாம போன ஊரா?" என்று கேட்கிறார்கள். அது அத்திப்பட்டி. எங்க ஊர் பத்திரமாக இருக்கிறது, ரயில் நின்றுதான் போகிறது.)

குறை இல்லாமல் இல்லை. எச்சரிக்கைச் செய்திகளைச் சோதிக்கும் கோப்புகளில் வரி எண்ணும் சோதனைப் பெயரிலேயே சேர்ந்துவிடும். யாராவது கோப்பின் தலையில் ஒரு கமென்ட் சேர்த்தால் போதும், பழைய பெயர்கள் 'காணாமல்' போய்விடும். இப்படி வெட்டிக்கு நாலு தடவை அலறினால் ஐந்தாவது தடவை நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

அடுத்தது வேலிடேட்_ஃபெயில்யர்ஸ். பைத்தானில் எழுதியது. இதில் பழையதோடு ஒப்பிடுவதற்குப் பதிலாக, "இவை தோற்கும், தெரியும்" என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறோம். அதில் ஒவ்வொரு வரிக்கும் காலாவதித் தேதி போடலாம். தேதி கடந்தால் சலுகை ரத்து. பிரமாதமான யோசனை. ஆனால் பட்டியலில் இருக்கும் ஒரு தோல்வி இந்த முறை வரவில்லை என்றால் ஸ்கிரிப்ட் என்ன சொல்கிறது? இது பிரச்சினை இல்லை, அந்தச் சோதனை தேறியிருக்கலாம் அல்லது இல்லாமலே போயிருக்கலாம் என்கிறது. இதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனாரா, படுக்கையிலேயே இல்லையா என்பது ஒன்றா?

ரிஸ்க்-ஃபைவ் டூல்செயினிலும் இதே பட்டியல் முறைதான். அலவ்லிஸ்ட் என்று பெயர். முந்தைய பதிப்பு அங்கே கணக்கிலேயே வராது. ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸருக்கு நிரல் எழுதுகிறவர்களும் ரிஸ்க்-ஃபைவ் ஜிசிசி-யைத்தான் நம்பியிருக்கிறார்கள், அதனால் இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

சோதனை ஏன் காணாமல் போகிறது? மோசமான காரணம் ஒன்றைச் சொல்கிறேன். பல சோதனைகள் ஓடுவதற்கு முன், "இந்த வசதி இந்த மெஷினில் இருக்கிறதா?" என்று ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும். அந்தக் குட்டி நிரலே உடைந்தால் அதை நம்பியிருந்த அத்தனையும் 'அன்சப்போர்ட்டட்' ஆகிவிடும். ஃபெயில் எண்ணிக்கை ஏறாது. சில சமயம் குறையக்கூடச் செய்யும்!

இது கற்பனைப் பயம் இல்லை. சோதனைத் தொகுப்புக்கு வெளியே இதன் அண்ணன் வந்துவிட்டுப் போனான். 2024 மே மாதம் வெளியான ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எச்சரிக்கை தருவதை விட்டுவிட்டு எர்ரராக்கியது. நியாயமான மாற்றம், சி99-லேயே அந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. ஆனால் பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளின் குட்டி நிரல்கள் ஹெட்டரைச் சேர்க்காமலே எக்சிட்-ஐக் கூப்பிடும். அவை கம்பைல் ஆகாது. உடனே ஸ்கிரிப்ட் "இந்த வசதி இல்லை போலிருக்கு" என்று முடிவு கட்டி, அது இல்லாமலே மென்பொருளைக் கட்டிவிடும். எர்ரர் எதுவும் திரைக்கு வராது. ஃபெடோராக்காரர்கள் 40-ஆம் பதிப்புக்காக முன்கூட்டியே இதில் இறங்கினார்கள். கம்பைல் தோற்றதா என்று மட்டும் பார்த்தால் போதாது என்று, கம்பைலரையே மாற்றியமைத்து இந்த எர்ரர் எங்கே எழுகிறது எனத் தேடினார்கள். சரியான அணுகுமுறை.

ஜிசிசி-யின் விதிப்படி, பி1 தர ரெக்ரெஷன் ஒன்று பாக்கி இருந்தாலும் புதுப் பதிப்பு வெளிவராது. நல்ல விதிதான். ஆனால் ரெக்ரெஷன் என்று பதிவாக யாராவது முதலில் தோல்வியைப் பார்க்க வேண்டுமே! ஓடாத சோதனைக்கு யார் புகார் எழுதுவார்கள்?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கன்வேயர் மோட்டார் போர்டுகளுக்கு ஃபர்ம்வேர் எழுதுவது என் பிழைப்பு. கம்பைலர் தப்பாகப் பெயர்த்த நிரல் எனக்குத் திரையில் எர்ரராக வராது, பெல்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போகும்போதுதான் தெரியும். பக்கத்தில் ஆள் நின்றுகொண்டிருப்பார். அதனால் இப்போது நான் பதிப்பு மாற்றும்போது இரண்டு முடிவுக் கோப்புகளிலும் வரி எண்களை நீக்கிவிட்டு, பெயர்களை வரிசைப்படுத்தி, முதலில் பார்ப்பது ஃபெயிலை இல்லை. பழையதில் பாஸ் ஆகி, புதியதில் பெயரே இல்லாதவை, அல்லது அன்சப்போர்ட்டட் ஆனவை. அவை எல்லாவற்றுக்கும் காரணம் எழுதி முடித்த பிறகுதான் ஃபெயில் பக்கம் போகிறேன்.