டாக்டரின் கண்கட்டு வித்தை

கோல்ஃப் மைதானத்துக்கு எதற்கு ஆர்க்கிடெக்ட் என்று நீங்கள் கேட்கலாம். புல், மணல், நடுவில் குழி. ஒரு நல்ல மேஸ்திரி போதாதா? போதாது. அலிஸ்டர் மெக்கன்ஸியைக் கேளுங்கள்.

1870-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்ப்ரிட்ஜில் படித்த டாக்டர். போயர் யுத்தத்துக்காகத் தென்னாப்பிரிக்கா போன இடத்தில், எதிரிகள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்திருந்த அழகைக் கவனித்தார். பிற்பாடு வைத்தியத்தை விட்டுவிட்டு அந்த வித்தையை கோல்ஃபுக்குக் கொண்டுவந்தார். மனுஷன் வெட்டிய மேடும் மணற்குழியும் ஆதியிலிருந்தே அங்கே கிடந்த மாதிரி இருக்கும்.

எல்லோரும் புகழ்வது இதைத்தான். எனக்கென்னவோ, அவருடைய நிஜமான சாதனை வேறு என்று படுகிறது. 1920-ல் எழுதிய புத்தகத்தில் 13 விதிகள் சொன்னார். அதில் ஒன்று: நேற்று மட்டை பிடித்தவனும், எத்தனை அடி வீணானாலும், சந்தோஷமாக வீடு திரும்ப வேண்டும். சொன்னதைச் செய்தும் காட்டினார். கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட்டில் (1928) 16-வது குழிக்குக் கடலைத் தாண்டி 200 கெஜத்துக்கு மேல் அடிக்க வேண்டும். தெம்பில்லையா? இடது பக்கம் புல்தரை இருக்கிறது; ஒரு அடி கூடுதலாகச் செலவழித்துச் சுற்றிப் போகலாம். வீரனுக்குச் சவால், சாமானியனுக்குச் சந்து!

பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமைத்த அகஸ்டா நேஷனலும் அப்படித்தான். அகலமான புல்தரை, மொத்தமே 22 மணற்குழிகள். கிடைத்த மரியாதை? பி.காம். படித்தவன், கணக்கு கேட்காமல் இருக்க முடியவில்லை. பேசிய சம்பளம் 10,000 டாலர். பொருளாதார மந்தத்தில் அது பாதியானது. கைக்கு வந்தது 2,000. புல் முழுசாக வளர்ந்த மைதானத்தை அவர் பார்க்கவே இல்லை. 1934 ஜனவரியில் காலமானார். மார்ச்சில் முதல் போட்டி நடந்தது.

இன்று அகஸ்டாவின் நீளம் 7,500 கெஜத்தைத் தாண்டிவிட்டது. மணற்குழிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கறுப்பினத்தவர் ஒருவர் உறுப்பினராக 1990 வரையும், பெண்கள் உறுப்பினராக 2012 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. சாமானியனுக்கு உள்ளே வழி வைத்தவர், கேட்டைப் பற்றி யோசிக்கவில்லை. இது அவர் கணக்கில் எழுத வேண்டிய பற்று.

வரவும் உண்டு. சாந்தா க்ரூஸில் அவர் அமைத்த பஸாடியம்போவில் (1929) வெளியாளும் காசு கட்டி ஆடலாம். கட்டணம் கொஞ்சம் காரம்தான். கடைசிக் காலத்தில் டாக்டர் குடியிருந்தது அந்த மைதானத்தின் ஓரத்தில். அவரை எடைபோட விரும்பினால், டி.வி.யில் அகஸ்டாவைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். சுமாராக ஆடுகிற ஒருவர் பஸாடியம்போவில் ஆடிவிட்டு வரட்டும். அவர் முகத்தைப் பாருங்கள்.