மார்க்கர் எதில் ஒட்டியிருக்கிறது?

வீடியோ எடிட்டிங்கில் மார்க்கர் போடுவது பற்றி யூட்யூபில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் நிறத்தில் ஆரம்பித்து நிறத்திலேயே முடிந்துவிடுகின்றன. பிரச்சினைக்குச் சிவப்பு, இசைக்கு நீலம், நல்ல பேச்சுக்குப் பச்சை என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். பிரீமியர் ப்ரோவில் 8 நிறம், டாவின்சி ரிசால்வில் 16. பதினாறுக்கும் அர்த்தம் வைத்துவிட்டு ஆறு மாசம் கழித்து அதே ப்ராஜெக்டைத் திறந்து பாருங்கள். மணல் நிறம் எதுக்கு, கோகோ நிறம் எதுக்கு என்று நமக்கே தெரியாது. நான் மூணு நிறத்துக்கு மேல் போவதில்லை. மீதியை மார்க்கருக்குள் எழுதிவிடுகிறேன். எழுத்தைத் தேடலாம், நிறத்தின் அர்த்தத்தை எங்கே போய்த் தேடுவது?

அதைவிட முக்கியமான ஒன்றைப் பாடங்கள் ஒற்றை வரியில் தாண்டிவிடுகின்றன. அந்த மார்க்கர் எதன் மேல் ஒட்டியிருக்கிறது?

பிரீமியரிலும் ரிசால்விலும் எம் விசையைத் தட்டினால் மார்க்கர் விழும். டைம்லைனில் ஒரு கிளிப் தேர்வாகியிருந்தால் அந்தக் கிளிப்பில் விழும். எதுவும் தேர்வாகவில்லை என்றால் டைம்லைனில் விழும். ஒரே விசைதான், ஆனால் விளைவு முற்றிலும் வேறு. கிளிப் மார்க்கர் அந்தக் காட்சியோடு நகரும். டைம்லைன் மார்க்கர் கடிகாரத்தோடு ஒட்டியது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: கிளிப் மார்க்கர் என்பது கோடுக்குள்ளேயே எழுதிய கமென்ட்; டைம்லைன் மார்க்கர் என்பது "214-ஆம் வரியைப் பார்" என்று தனித்தாளில் எழுதிய குறிப்பு. மேலே பத்து வரியை நீக்கினால் கமென்ட் தன் வரியோடு மேலே போகும். தாளில் இருப்பது 214 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு பெரிய வித்தியாசத்தை, அந்த நொடியில் எது தேர்வாகியிருக்கிறது என்பதிடம் ஒப்படைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் தனித்தனி விசை வைத்தால் என்ன?

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம், நான் வெட்டுவது கல்யாண வீடியோ இல்லை. நடுகற்களைத் தேடிப் போகிற ஊர்களில் பெரியவர்கள் பேசியதைப் பதிவு செய்கிறேன். ஒருவர் இரண்டு, மூணு மணி நேரம் பேசுவார். 41-ஆவது நிமிடத்தில், கல்லை எங்கிருந்து தூக்கி வந்து கோயிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் டைம்லைன் மார்க்கர் போட்டு "கல் இடம் மாறியது" என்று எழுதுகிறோம். அப்புறம், முன்னால் டீ வந்து பேச்சு நின்ற 4 நிமிடத்தை இடைவெளி விடாமல் வெட்டி எடுக்கிறோம். அவர் சொன்னது இப்போது 37-க்கு வந்துவிட்டது. மார்க்கர் 41-லேயே நிற்கிறது. அங்கே அவர் வேறொரு கல்லைப் பற்றி, "எங்க ஐயா காலத்துல அப்படிச் சொல்லுவாங்க, நான் பார்த்ததில்ல" என்று பேசிக்கொண்டிருக்கலாம். மார்க்கர் பட்டியலை சிஎஸ்வி-யாக எடுத்துக் குறிப்பு தயாரித்தால், கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் இடம் மாறிவிடும். அதை இன்னொருவர் எடுத்து எழுதினால் அதுவே ஆதாரம் ஆகிவிடும்.

பிரீமியரில் வெட்டும்போது சீக்வென்ஸ் மார்க்கர்களும் சேர்ந்து நகர ஒரு தேர்வு மெனுவில் இருக்கிறது. இருந்தாலும் பேசப்பட்டதைப் பற்றிய குறிப்புக்கு நான் அதை நம்புவதில்லை. டிக் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பதைவிட, குறிப்பைக் கிளிப்பிலேயே ஒட்டுவது மேல்.

பிலிமில் வெட்டிய காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. எடிட்டர் வொர்க்பிரிண்டின் மேலேயே கிரீஸ் பென்சிலால் கோடு போடுவார். துண்டு எங்கே போனாலும் கோடும் கூடவே போகும். காட்சிகளின் வரிசையை யோசிக்க வேறு இடம் இருந்தது. வால்டர் மர்ச் 2003-இல் வெளிவந்த 'கோல்ட் மவுன்டன்' படத்தைக் கம்ப்யூட்டரில், ஃபைனல் கட் ப்ரோவில் வெட்டியபோதுகூட, காட்சிகளுக்கு வண்ண அட்டைகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

இப்போதைய ஃபைனல் கட் ப்ரோ மறுகோடிக்குப் போய்விட்டது. அங்கே மார்க்கர் என்றாலே கிளிப் மேல்தான். என் வேலைக்கு இது சரி. ஆனால் "இங்கே வரைபடம் வேணும்", "இங்கே நிசப்தம்" போன்ற குறிப்புகள் எந்தக் கிளிப்புக்கும் சொந்தமில்லை. அடியில் இருக்கும் கிளிப்பைத் தூக்கினால் அதுவும் போய்விடும். ஆனாலும் அதில் ஒரு விஷயம் மற்ற இரண்டுக்கும் வரவேண்டும்: செய்ய வேண்டியது என்று போட்ட மார்க்கர் சிவப்பாக இருக்கும், முடித்துவிட்டேன் என்று டிக் செய்தால் பச்சையாகும். நிறத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் இப்படிக் கொடுக்க வேண்டும்.

டைம்லைன் மார்க்கரே வேண்டாம் என்று சொல்லவில்லை. யூட்யூப் அத்தியாயங்களுக்கு அதுதான் சரி, பார்க்கிறவரின் கடிகாரமும் அதுதானே. முதல் அத்தியாயம் 0:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் 10 வினாடியாவது ஓட வேண்டும். அவற்றை நான் வெட்டு எல்லாம் முடிந்த பிறகு, கடைசி நாளில்தான் போடுகிறேன்.